நுரைக்கும் வாசனைக்கும் கொடுக்கும் விலை

2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால், அதே மளிகைச் சீட்டில் அடுத்தடுத்து எழுதப்படும் சலவைத் தூள், பாத்திரம் விளக்கும் சோப்பு, தரை துடைக்கும் திரவம், கழிப்பறை கழுவும் திரவம் எதுவும் அந்தச் சலுகையில் சேரவில்லை. கை கழுவும் சோப்பு கட்டியாக இருந்தால் 5 சதவீதம், குப்பிக்குள் திரவமாக இருந்தால் 18 சதவீதம் என்று ஆயிற்று. துணி துவைப்பதும் கழிப்பறை கழுவுவதும் எந்த வீட்டுக்கும் ஆடம்பரமல்ல. இவற்றின் வரியையும் குறைக்கத்தான் வேண்டும்.

ஆனால், வரி குறைந்தால் 118 ரூபாய்ப் பொருளில் மிஞ்சுவது 13 ரூபாய். அதைவிடப் பெரிய தொகை மாதாமாதம் வீட்டுச் சாக்கடையில் போய்க்கொண்டிருக்கிறது. அரிசி, பருப்பு, எண்ணெய் விலை ஏறினால் வீடே பேசுகிறது. சோப்பு, பினாயில், பிரஷ் வகைச் செலவோ ‘சில்லறைச் செலவு’ என்ற கணக்கில் மறைந்துவிடுகிறது. நாம் கொடுக்கும் காசில் கணிசமான பங்கு அழுக்கை நீக்கப் போகவில்லை. நுரைக்கும், வாசனைக்கும், குப்பியில் அடைத்த தண்ணீருக்கும் போகிறது. ஒரு பொருளில் வேலை செய்யும் சரக்கு எவ்வளவு, அதில் நமக்குத் தேவை எவ்வளவு என்ற இரண்டும் தெரிந்தால் இந்தச் செலவைப் பெருமளவு குறைக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள முடியாதபடி பொட்டலங்கள் அச்சாகின்றன என்பதுதான் என் குற்றச்சாட்டு.

முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் வீடுகள் ஏராளம். ‘உப்புத் தண்ணி’ என்று நாம் அலுத்துக்கொள்ளும் அந்த நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கின்றன. குடிநீரில் இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். இப்படிப்பட்ட தண்ணீரில் சோப்பைப் போட்டால், அது முதலில் அழுக்கிடம் போவதில்லை. கால்சியத்தோடு சேர்ந்து, தயிர் திரிந்ததுபோல வெள்ளைத் திப்பியாகிவிடுகிறது. வாளியின் உள்பக்கத்தில் விரலை வைத்துத் தேய்த்தால் பிசுபிசுவென்று வரும் சாம்பல் நிறப் படிவு அதுதான். நாம் காசு கொடுத்து வாங்கிய சோப்பு அது.

வேதியியல் கணக்கு எளிமையானது. ஒரு கிராம் கடினத்தன்மையைத் தீர்க்க ஏறத்தாழ 6 கிராம் சோப்பு செலவாகும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை கொண்ட தண்ணீர் 15 லிட்டர் வாளியில் நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் இருப்பது ஏழரை கிராம். அந்த வாளித் தண்ணீர் முழுவதும் நுரைக்கும் நிலைக்கு வருவதற்கு முன்பே 45 கிராம் சோப்பு வீணாகும். இதே வேலையைச் செய்ய, படிக நீர் இல்லாத சலவைச் சோடா 8 கிராம் போதும். மளிகைக் கடையில் ‘வாஷிங் சோடா’ என்று கேட்டால் கிடைக்கும், சோப்பைவிடப் பல மடங்கு மலிவான பொருள். துணி ஊறவைக்கும் வாளியில் முதலில் இரண்டு தேக்கரண்டி சோடாவைக் கரைத்து, சில நிமிடம் விட்டு, பிறகு சோப்போ தூளோ போட்டால் வழக்கமாகப் போடும் அளவில் எவ்வளவு குறைகிறது என்பது கண்ணுக்கே தெரியும். சலவைத் தொழிலாளர்கள் உவர்மண் கரைசலில் துணியை முக்கி வெள்ளாவி வைத்த காலத்தில் பயன்படுத்தியதும் இந்த வகைக் காரத்தைத்தான்.

சோடாவுக்கு எல்லைகள் உண்டு. பட்டு, கம்பளித் துணிக்கு ஆகாது. அலுமினியப் பாத்திரம் கறுத்துவிடும். வெறுங்கையால் நெடுநேரம் அளைந்தால் தோல் காய்ந்து வெடிக்கும். சலவைத் தூளில் ஏற்கெனவே சோடா இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால், தண்ணீர் கடினமானதாக இருக்கும்போது அந்தச் சோடா தண்ணீரைச் சரிசெய்வதிலேயே தீர்ந்துபோகிறது. அதனால்தான் பொட்டலத்தில் சொன்ன அளவு போதாமல் இன்னொரு கரண்டி போடுகிறோம். சோடாவைத் தூளின் விலைக்கு வாங்குவதைவிடச் சோடாவின் விலைக்கு வாங்குவது மேல்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்று அறிய ஒரு சிறிய சோதனை போதும். பாதி நிரப்பிய தண்ணீர் பாட்டிலில் குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவிப்போட்டு நன்றாகக் குலுக்குங்கள். மேலே நுரை நின்று, கீழே தண்ணீர் தெளிவாக இருந்தால் மென்னீர். நுரை நிற்காமல் தண்ணீர் முழுவதும் கலங்கினால் கடின நீர். துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். மழைநீரில் கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லை என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும். மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டபோது நிலத்தடி நீர்மட்டத்தைப் பற்றி மட்டுமே பேசினோம். மொட்டை மாடி மழைநீரை ஒரு தொட்டியில் பிடித்துத் துணி துவைக்கப் பயன்படுத்தினால், சோப்புச் செலவும் குறையும்.

தண்ணீரைத் தெரிந்துகொண்டால், நுரையின் மீதான மயக்கமும் தெளியும். நுரை அதிகம் வந்தால் அழுக்கு நன்றாகப் போகும் என்று விளம்பரங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. பற்பசை விளம்பரத்தில் பிரஷின் தலை முழுவதும் அலைபோலப் பசை படுத்திருக்கும். பல் மருத்துவர்கள் சொல்வதோ பட்டாணி அளவு. துணியில் தூள் அதிகமானால் அலசும் தண்ணீரும் அதிகமாகும். லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கும் சென்னைக் குடியிருப்புகளில் அதுவும் பணம்தான். அலசலில் போகாத தூள் துணியிலேயே தங்கி, துணியை முரடாக்கும், சிலருக்கு அரிப்பும் தரும்.

இந்த இடத்தில் வீட்டு வேலைக்கு வரும் பெண்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். “நீங்க வந்தாலே சோப்பு வாரத்துல தீந்துடுது அக்கா” என்று குறைபட்டுக்கொள்ளாத வீடு குறைவு. அவர் கையில் நாம் கொடுத்திருப்பது என்ன? நார் தேய்ந்த ஸ்க்ரப்பர், நுரைக்காத தண்ணீர், பாதி நீரில் ஊறிக்கிடக்கும் பாத்திரச் சோப்பு. சொட்டிக்கொண்டிருக்கும் குழாய்க்கு நேர் கீழே, அடியில் ஓட்டையில்லாத பிளாஸ்டிக் டப்பாவில் அந்தச் சோப்பு கிடக்கும். காலையில் கட்டியாக வைத்தது மாலையில் கூழாகியிருக்கும். டப்பாவின் அடியில் நான்கு துளை போட்டு, குழாயிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தால் தீர்கிற பிரச்சினை இது. காய்ந்துபோன பாத்திரங்களை ஊறவைத்துத் தேய்த்தால் சோப்பும் மிச்சம், அவருடைய தோள்வலியும் மிச்சம். வீட்டின் சிக்கனத்தை அவருடைய கைத்தோலில் காட்டக் கூடாது. கையுறை ஒரு ஜோடி வாங்கி வைப்பது வீண் செலவு ஆகாது.

இனி குளியல் சோப்பு. உறையில் படம், வாசனை, நடிகையின் முகம் எல்லாம் பெரிதாக இருக்க, வேலை செய்யும் சரக்கின் அளவு ஓரத்தில் பொடி எழுத்தில் கிடக்கும். மொத்தக் கொழுப்புப் பொருள் எனப்படும் ‘டிஎஃப்எம்’தான் அது. இந்தியத் தரப்படி முதல் தரக் குளியல் சோப்பில் அது குறைந்தது 76 சதவீதம், இரண்டாம் தரத்தில் 70, மூன்றாம் தரத்தில் 60 இருக்க வேண்டும். ‘பாத்திங் பார்’ என்று அச்சிட்டிருந்தால் அது வேறு வகை. அதற்கு 40 சதவீதமே போதும். ‘பாத்திங் பார்’ எல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. அவற்றில் சிலவற்றில் கடின நீரிலும் நுரைக்கும் வேறு வேதிப்பொருள்கள் சேர்ந்திருக்கும். ஆனால், 76 சதவீதச் சோப்பின் விலையை 40 சதவீதக் கட்டிக்குக் கொடுக்கும்போது, வாங்குபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? கொழுப்புச் சரக்கு குறைந்து நிரப்புப் பொருள் கூடிய கட்டி பெரும்பாலும் சீக்கிரம் கரைகிறது. 10 ரூபாய் குறைவு என்று எடுத்த சோப்பு ஐந்து நாள் முன்னதாகத் தீர்ந்தால் அது குறைந்த விலை ஆகாது.

சோப்பை மொத்தமாக வாங்கி, உறையைப் பிரித்து, பீரோவில் துணிகளுக்கு நடுவே அடுக்கிவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருந்தது. துணிக்கு மணம் ஏறும் என்பதோடு, சோப்பின் ஈரம் வற்றிக் கட்டி இறுகும். இறுகிய சோப்பு மெதுவாகத்தான் கரையும். மளிகைக் கடைக்காரர் நீளமான பார் சோப்பை நூலை வைத்து அறுத்துத் தருவார், அந்தத் துண்டுகளையும் வெயிலில் உலர்த்திவிட்டே எடுத்துவைத்தார்கள். அது நல்ல அறிவியல்.

கடை அலமாரி முன்னால் நிற்கும்போது வரும் குழப்பம் இன்னும் பெரியது. குளியல் சோப்பு, சலவைத் தூள் போன்றவற்றை எந்தெந்த எடையில் விற்கலாம் என்று மத்திய அரசின் சட்டமுறை எடையளவு விதிகளில் முன்பு ஒரு பட்டியல் இருந்தது. 2021இல் கொண்டுவந்த திருத்தம் அந்தப் பட்டியலை நீக்கியது. இனி எந்த எடையிலும் விற்கலாம். அதற்கு ஈடாக, ‘ஒரு அலகின் விற்பனை விலை’யை ஒவ்வொரு பொட்டலத்திலும் அச்சிட வேண்டும் என்றானது. நோக்கம் சரியானது. செய்த விதத்தில்தான் ஓட்டை.

ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலம் என்றால் கிராமுக்கு இவ்வளவு என்றும், ஒரு கிலோவுக்கு மேற்பட்டதென்றால் கிலோவுக்கு இவ்வளவு என்றும் போட வேண்டும் என்கிறது விதி. அதுவும் இரண்டு தசம இடத்துக்குத் திருத்தி. உதாரணத்துக்கு, ஒரே சலவைத் தூளின் அரைக் கிலோ பாக்கெட்டையும் நான்கு கிலோ பையையும் கையில் எடுக்கிறீர்கள். முதலாவதில் ‘ஒரு கிராம் ரூ.0.13’. இரண்டாவதில் ‘ஒரு கிலோ ரூ.128’. எது மலிவு? 0.13ஐ ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ 130 என்று வரும், எனவே பெரிய பைதான் லாபம் என்று தோன்றும். ஆனால், 0.125லிருந்து 0.135க்குள் உள்ள எல்லா விலையும் தசமத் திருத்தத்தில் 0.13 ஆகிவிடும். சிறிய பாக்கெட்டின் உண்மை விலை கிலோவுக்கு 126 ரூபாயாகவும் இருக்கலாம், 134 ஆகவும் இருக்கலாம். வாங்குபவருக்கு உதவவென்று கொண்டுவந்த எண், எங்கே வித்தியாசம் ஒளிந்திருக்கிறதோ அதே இடத்தை மூடிவிடுகிறது. கைபேசியில் விலையை எடையால் வகுத்துப் பார்ப்பதைத் தவிர இன்று வேறு வழியில்லை. பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று விலையை அசைக்காமல் எடையை மட்டும் குறைத்துக்கொண்டே போகும் பொருள்களை இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும்.

பெரிய பொட்டலம்தான் எப்போதும் லாபம் என்ற நம்பிக்கையையும் இந்த வகுத்தல் உடைக்கும். ஷாம்புவைப் பாருங்கள். சிறு பாக்கெட்டில் ஷாம்புவை அடைத்து எளியவர்களிடமும் கொண்டுசேர்த்த கதை தொடங்கியது கடலூரில். சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்த அந்த வழியில், அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் தொழில் தொடங்கி ‘சிக்’ ஷாம்புவைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். போட்டி கடுமையான அந்தச் சந்தையில் விலை இன்றும் இறுக்கமாகவே இருக்கிறது. ஒரு ரூபாய் பாக்கெட்டில் 5 மில்லி இருந்தால், மில்லிக்கு 20 பைசா. அந்த விலைக்கு 180 மில்லி குப்பி 36 ரூபாய்க்குக் கிடைக்க வேண்டும். பல பிராண்டுகளில் குப்பியின் விலை அதைப் போல இரண்டு, மூன்று மடங்குக்கும் மேல். ‘பாக்கெட் ஷாம்பு ஏழைகளின் பொருள்’ என்று கூச்சப்பட்டுக் குப்பி வாங்கும் நடுத்தரக் குடும்பம் அந்தக் கூச்சத்துக்கும் சேர்த்து விலை கொடுக்கிறது.

ஆனாலும் பாக்கெட்டுக்கு முழு மனதோடு பரிந்து பேச முடியவில்லை. பல அடுக்குப் பிளாஸ்டிக்கால் ஆன அந்த உறையை எந்தப் பழைய பொருள் வியாபாரியும் எடுப்பதில்லை. சாக்கடையில் அடைத்துக்கொள்ளும் அதை அகற்றும் செலவு ஊராட்சி, மாநகராட்சி வழியாக நம் தலையில்தான் விழுகிறது. 10 மில்லிக்கு மேற்படாத பொட்டலங்களுக்கு எடையளவு விதிகளில் விலக்கு வேறு இருக்கிறது. 5 மில்லியை ஒரு ரூபாய்க்குக் கொடுக்க முடிகிற நிறுவனத்தால், அரை லிட்டரை அதே கணக்கில் நிரப்புப் பையில் கொடுக்க முடியாதா? முடியும். நாம் கேட்காததால் கொடுக்கவில்லை.

குளியலறை, கழிப்பறைப் பொருள்களில் சிக்கனம் என்பது உயிரோடு தொடர்புடைய விஷயம். பீங்கானில் படியும் மஞ்சள், வெள்ளைக் கறை பெரும்பாலும் கடின நீர் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் படிவு. அமிலம் அதைக் கரைக்கும். கழிப்பறை திரவக் குப்பிகள் பலவற்றின் முதுகில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று எழுதியிருப்பது அதனால்தான். ஊற்றிய உடனே தேய்த்துத் தண்ணீர் விடுவது அந்தத் திரவத்தை வீணடிப்பது. லேபிள் சொல்லும் நேரம், பொதுவாக இருபது நிமிடமாவது, அது அங்கேயே நிற்க வேண்டும். தினமும் வெறும் பிரஷால் தேய்த்துவந்தால் வாரம் ஒருமுறை இது போதும். மலிவு என்று தெருவில் வாங்கும் ‘ஆசிட்’டைத் தரையில் ஊற்றினால் கறையோடு டைல்ஸ் இடுக்குச் சிமெண்டும் அரித்துப்போகும், எவர்சில்வர் குழாயும் புள்ளி விழும். பிறகு டைல்ஸ் மாற்றும் செலவு எத்தனை வருட பினாயில் செலவுக்குச் சமம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமில வீச்சு வழக்குகளை அடுத்து 2013இல் உச்ச நீதிமன்றம் அமிலத்தின் சில்லறை விற்பனைக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. அதற்குப் பிறகும் பெயரில்லாத பாட்டிலில் அது வீடு தேடி வருகிறது. குழாய், ஷவரில் படியும் வெள்ளைப் படிவுக்கு, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்ற பெயரில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து, துணியில் நனைத்துச் சுற்றிவைத்தால் போதுமானது.

பிளீச்சிங் பவுடர் மலிவானது, கிருமியைக் கொல்வதில் வல்லது. ஊராட்சிகள் அதை நம்பியிருப்பது சரிதான். ஆனால், அதையும் கழிப்பறை அமிலத்தையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். சேர்ந்தால் எழுவது குளோரின் வாயு. 1915இல் முதல் உலகப் போரில் ஈப்ரஸ் போர்க்களத்தில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயு. ஒரு சிறிய ஜன்னல் மட்டுமே உள்ள நம் கழிப்பறைகளில் குனிந்து தேய்ப்பவருக்கு மூச்சடைக்கச் சில நொடிகள் போதும். ‘இரண்டையும் போட்டால் இரட்டைச் சுத்தம்’ என்று நினைத்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். இதைப் படிப்பவர்கள், தங்கள் வீட்டில் கழிப்பறை கழுவுபவர் யாராக இருந்தாலும் அவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

ஆபத்தில்லாத ஆனால் வீணான கலவைகளும் உண்டு. சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து பொங்கவிடும் வீடியோக்கள் ஏராளம். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கரைசல்தான். தனித்தனியாக இரண்டும் பயனுள்ளவை, சேர்த்தால் இரண்டும் நஷ்டம். அதேபோல், கிருமிநாசினித் தரைத் திரவங்கள் பலவற்றில் இருக்கும் பென்சால்கோனியம் குளோரைடு, சோப்புத் தூளோடு சேர்ந்தால் வலுவிழந்துவிடும். வாளியில் இரண்டையும் போடும் வீட்டில் விலையுயர்ந்த பொருள்தான் வீணாகிறது. தினசரி துடைப்புக்குக் கிருமிநாசினி தேவையே இல்லை. தண்ணீரும் பழைய பருத்தி வேட்டித் துண்டும் போதும். வாந்தி, பேதி கண்ட வீட்டுக்குத்தான் கிருமிநாசினி.

பித்தளைக்குப் புளி, எண்ணெய்ப் பாத்திரத்துக்குச் சாம்பலோ சீயக்காய்த் தூளோ, தேய்க்கத் தேங்காய் நார், முதுகுக்குப் பீர்க்கங்காய் நார் என்று பழைய வழிகள் இன்றும் செல்லுபடியாகும். ஆனால், விறகடுப்பில்லாத அடுக்ககத்தில் சாம்பலுக்கு எங்கே போவது? வேலைக்குப் போகும் பெண்ணிடம் சீயக்காய் அரைக்கச் சொல்லும் சிக்கனத்தை நான் ஆதரிக்க மாட்டேன். அந்த உழைப்புக்குக் கணக்குப் போட்டால் அது மலிவே இல்லை.

சந்தையில் மாற்று வேண்டும். அதற்கான அடித்தளம் நம்மிடம் இருக்கிறது. இந்தியாவின் முன்னோடி நுகர்வோர் கூட்டுறவான திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904இல் தொடங்கியது. சென்னையில் ‘காமதேனு’, கோவையில் ‘சிந்தாமணி’ என்று கூட்டுறவு அங்காடிகள் இன்னும் இயங்குகின்றன. மகளிர் சுய உதவிக் குழுக்கள் பினாயில், சோப்புத் தூள், பாத்திரத் திரவம் தயாரிக்கின்றன. ‘மதி’ என்ற வணிகப் பெயரும் இருக்கிறது. குறை எங்கே என்றால், இந்தக் குழுக்களின் பினாயிலில் சரக்கு எத்தனை சதவீதம் என்று சோதித்துச் சான்று தர ஏற்பாடு போதவில்லை. வெள்ளைப் பினாயில் தண்ணீரில் பாலாகக் கலங்கினால் வீரியமானது என்று நம்புகிறோம். கலங்கலுக்கும் வீரியத்துக்கும் சம்பந்தமில்லை. அரசுக் கல்லூரிகளின் வேதியியல் துறைகள் மாதம் ஒருமுறை இந்தப் பொருள்களைச் சோதித்து, அளவை லேபிளில் அச்சிட உதவலாம். கூட்டுறவு அங்காடியில் பீப்பாய் வைத்து, சொந்தப் பாட்டிலுடன் வருபவருக்கு அளந்து ஊற்றலாம். குப்பியின் விலையும் விளம்பரத்தின் விலையும் கழிந்துவிடும்.

மத்திய அரசு செய்ய வேண்டியது இரண்டு திருத்தங்கள். பொட்டலம் சிறிதோ பெரிதோ, எல்லாவற்றிலும் கிலோவுக்கு அல்லது லிட்டருக்கு என்ற ஒரே அலகில் விலையை அச்சிட வேண்டும். சரக்கின் வீரியத்தை, சோப்பில் கொழுப்புப் பொருள் அளவு, தூளில் அழுக்கு நீக்கும் பொருளின் அளவு என்று முன்பக்கத்திலேயே போட வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2009 முதல் பெரிய மளிகைக் கடைகளின் அலமாரிச் சீட்டிலேயே அலகு விலை போடுவது கட்டாயம். இங்கும் பேரங்காடிகளுக்கு அதை விதிக்கலாம்.

விதி மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பொட்டலத்தில் அலகு விலை இல்லையென்றாலோ, எடையில் சந்தேகம் இருந்தாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. மாவட்டத்தில் உள்ள அந்த அலுவலகத்துக்கும் எழுதலாம். பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல், ரசீதோடு எடுத்துவைத்துக்கொண்டு புகார் செய்யுங்கள்.